இருபது சுற்று வித்தியாசம்

பாக் நீரிணைக்கு மேல் 6,000 அடி உயரம். இடது எஞ்சின் நிமிடத்துக்கு 2,050 சுற்று, வலது எஞ்சின் 2,030. அந்த இருபது சுற்று வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. மீட்டரில் முட்கள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று நிற்பது போலத்தான் இருக்கும். காதுக்குத்தான் தெரியும். வோம்... வோம்... வோம் என்று, ஏறக்குறைய இரண்டு விநாடிக்கு ஒன்றாக, ஓர் ஒலி எழும்பி அடங்கிக்கொண்டே இருக்கும்.

கச்சேரி தொடங்குமுன் தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டு தந்திகள் மயிரிழை தள்ளிப் பேசினால் நாதம் அலையும். பிருடையைத் திருகத் திருக அலை நீளும், சோம்பும், கடைசியில் காணாமல் போகும். பள்ளிப் பாடப் புத்தகத்தில் இதற்கு ‘விம்மல்’ என்று பெயர். டகோட்டா விமானத்தில் எஞ்சினுக்கும் விசிறிக்கும் (புரொப்பெல்லருக்கும்) நடுவே 16-க்கு 9 என்ற கணக்கில் பல்சக்கரம் இருக்கிறது. எஞ்சின் 2,050 சுற்றினால் விசிறி 1,153 சுற்றும். விசிறிக்கு மூன்று இதழ்கள். ஆக, இதழ்கள் காற்றை விநாடிக்கு 57.7 தடவை அறைகின்றன. பக்கத்து விசிறி 57.1 தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரையைக் கொஞ்சம் தாண்டும். அதனால்தான் 1.8 விநாடிக்கு ஒரு வோம். வலது எஞ்சினின் சுற்றைக் கட்டுப்படுத்தும் நெம்பை ஒரு நெல்லளவு முன்னே தள்ளினால் அலை அடங்கி, இரண்டு எஞ்சின்களும் ஒரே குரலில் ரீங்கரிக்கும். விமானிகள் இதைக் காதால்தான் செய்தார்கள்.

நான் இதைச் செய்வது சென்னையில், மூன்றாம் மாடி அடுக்ககத்தின் பின்னறையில். கம்ப்யூட்டர், ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு நெம்புகள் கொண்ட ஒரு பெட்டி, காலுக்கு இரண்டு மிதிகள். கீழே துணி தேய்ப்பவரின் வண்டி நிற்கிறது. மேலே நான் கொடிக்கரையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு மீனம்பாக்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் பயணிகள் சேவையை இதே வழியில்தான் தொடங்கியது: கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி, அங்கிருந்து மதராஸ். விமானம் டகோட்டா. டக்ளஸ் கம்பெனியின் டி.சி.-3 என்ற பயணிகள் விமானத்துக்குப் போர்க்காலத்தில் ஒட்டிய பெயர் அது. டி.சி.-3 முதன்முதலாகப் பறந்தது 1935 டிசம்பர் 17. ரைட் சகோதரர்கள் பறந்து அன்றோடு சரியாக 32 ஆண்டுகள். இரண்டாம் உலகப் போரில் இதன் ராணுவ வடிவம் பத்தாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டது. போர் முடிந்ததும் மிச்சப்பட்டவை மலிவாகச் சந்தைக்கு வந்தன. ஆசியாவின் புதிய விமான நிறுவனங்கள் பலவும் அந்த மிச்சத்தில் பிறந்தவைதான்.

இன்றைய ஜெட் விமானத்தை இதே கம்ப்யூட்டரில் ஓட்டியும் பார்த்திருக்கிறேன். வழியைத் தட்டச்சு செய்து பொத்தானை அமுக்கினால் அது தன்பாட்டுக்குப் போகிறது. நான் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வருவேன். டகோட்டாவில் அப்படி எழுந்துபோக முடியாது. குழந்தை தூங்கும் வீட்டில் அடுப்பில் பாலை வைத்தது மாதிரி, ஒரு காது எப்போதும் அங்கேயே இருக்க வேண்டும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

கிளப்புவதிலிருந்தே ஆரம்பிக்கிறது. புல்லட்டின் ஆம்ப் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டிகம்ப்ரஷர் பிடித்து, பிறகு கிக்கரை உதைத்த தலைமுறைக்கு இதன் சுவை உடனே புரியும். டகோட்டாவின் பிராட் அண்ட் விட்னி எஞ்சினில் 14 சிலிண்டர்கள் வட்டமாக, முன்வரிசை ஏழு, பின்வரிசை ஏழு என்று நிற்கின்றன. பூவிதழ் போல் விரிந்த இந்த அமைப்புக்கு ரேடியல் எஞ்சின் என்று பெயர். காற்று நேராக எல்லாச் சிலிண்டர்கள் மேலும் படும். தண்ணீர் வேண்டாம், ரேடியேட்டர் வேண்டாம். ஆனால் வட்டம் என்றால் அடியில் சில சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கும். விமானம் நிற்கும்போது எண்ணெய் மெல்லக் கசிந்து அவற்றுக்குள் தேங்கிவிடும். பிஸ்டன் மேலேறும்போது காற்றென்றால் அமுங்கிக்கொடுக்கும், எண்ணெய் கொடுக்காது. அந்த நிலையில் ஸ்டார்ட்டரைப் போட்டால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். அப்போது தெரியாமல் போகலாம். மலைக்கு மேல் பறக்கும்போது முறியும். அதனால்தான் பழைய படங்களில் காலை வேளையில் இரண்டு பேர் விசிறியைப் பிடித்து, செக்கு இழுப்பது போல, ஒவ்வோர் இதழாகத் தள்ளிச் சுற்றுகிறார்கள். எங்காவது முட்டி நின்றால் அடிச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும்.

வரிசைக்கு ஏழு, அல்லது ஒன்பது. ஏன் எப்போதும் ஒற்றைப்படை? நாலு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும். ஒன்றைவிட்டு ஒன்று என்று 1, 3, 5, 7 வெடித்தால், ஒற்றைப்படை வட்டத்தில் அடுத்தது தானாக 2, 4, 6 என்று விழும். இரண்டு சுற்றில் எல்லோருக்கும் ஒரு முறை, இடைவெளி மாறாமல். இரட்டைப்படை என்றால் இந்தத் தாளம் உட்காராது.

பழைய டகோட்டாக்களில் ஸ்டார்ட்டருக்கு இரண்டு கட்டம். முதல் சுவிட்சைப் பிடித்தால் உள்ளே கனமான சக்கரம் ஒன்று சுழலத் தொடங்கும். மிக்ஸி வேகம் பிடிப்பது போன்ற கீச்சொலி ஏறிக்கொண்டே போகும். உச்சத்தைத் தொட்டதும் இரண்டாவது சுவிட்ச். சக்கரத்தின் வேகம் மொத்தமும் எஞ்சினுக்கு மாறும். விசிறி தயங்கித் தயங்கித் திரும்பும். ஒரு சிலிண்டர் இருமும், இன்னொன்று பதில் சொல்லும், பிறகு நீலப் புகையைக் கக்கிக்கொண்டு பதினான்கும் சேர்ந்துகொள்ளும். கம்ப்யூட்டரில் இதை நான் ஆயிரம் தடவையாவது செய்திருப்பேன். அந்த முதல் இருமலுக்காகவே சில இரவுகளில், எங்கும் பறக்காமல், கிளப்பி அணைத்துவிட்டுப் படுத்ததும் உண்டு.

ஓடத் தொடங்கியதும் அடுத்த சங்கடம். வால் சக்கரத்தில் நிற்கிற விமானம் என்பதால் மூக்கு வானத்தைப் பார்க்கும், முன்னே ஓடுபாதை தெரியாது. இரண்டு விசிறிகளும் ஒரே பக்கமாகச் சுழல்வதால் வேகம் பிடிக்கும்போது விமானம் இடப்பக்கம் இழுக்கும். வலக்கால் மிதியில் தயாராக இருக்க வேண்டும். மிதி வாங்குவதற்கு முந்திய மாதங்களில் நான் ஓடுபாதையைவிடப் புல்வெளியில் ஓடியதே அதிகம்.

ஜெட்டில் எஞ்சினுக்கு ஒரு நெம்பு. இங்கே எஞ்சினுக்கு மூன்று: காற்றைத் திறக்க ஒன்று, விசிறியின் சுற்றைக் கட்ட ஒன்று, பெட்ரோல் கலவைக்கு ஒன்று. மேலே போகப்போகக் காற்று மெலியும். அதே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்தால் எஞ்சின் மூச்சுத்திணறும். ஆகவே கலவையைக் குறைக்க வேண்டும். மெலிந்த காற்றை ஈடுகட்ட எஞ்சினுக்குப் பின்னால் சூப்பர்சார்ஜர் என்ற ஊதி ஒன்று காற்றை அமுக்கித் திணிக்கிறது. எவ்வளவு திணிக்கிறது என்பதைப் பாதரச அங்குலத்தில் ஒரு மீட்டர் சொல்லும். கடல்மட்டத்தில் சாதாரணக் காற்றழுத்தம் 29.92 அங்குலம். டகோட்டா கிளம்பும்போது 48 அங்குலம், 2,700 சுற்று. அப்போது ஓர் எஞ்சின் தருவது 1,200 குதிரைத்திறன். அதைச் சில நிமிடத்துக்கு மேல் கேட்கக்கூடாது.

விசிறியின் கதை இன்னும் சுவையானது. அதன் இதழ் உண்மையில் ஒரு சிறகு. காற்றை எந்தக் கோணத்தில் வெட்டுகிறது என்பதைப் பொறுத்தே அதன் இழுவை. நின்ற இடத்திலிருந்து கிளம்ப ஒரு கோணம், பறக்கும்போது வேறு கோணம். சைக்கிளில் மேடேற ஒரு கியர், சமதளத்துக்கு ஒரு கியர் என்பது மாதிரி. 1930-களின் தொடக்கம் வரை பெரும்பாலான விமானங்கள் ஒரே கியரில்தான் ஓடின. ஹாமில்டன் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் ஃபிராங்க் கால்டுவெல், பறக்கும்போதே இதழைத் திருப்பக்கூடிய விசிறியைச் செய்து காட்டினார். 1933-ஆம் ஆண்டின் கோலியர் விருது அதற்குத்தான். பிறகு அதுவே தானியங்கியானது. விமானி சுற்றைச் சொன்னால் போதும். ஒரு சிறு கருவி, சுழலும் எடைகளைக்கொண்டு வேகத்தை உணர்ந்து, எண்ணெய் அழுத்தத்தால் இதழ்களைத் திருப்பி, சுற்றை அந்த எண்ணிலேயே நிறுத்திவைக்கும். எஞ்சின் செத்துவிட்டால் இதழ்களை முழுக்கத் திருப்பி, காற்றுக்குக் கத்திமுனையைக் காட்டி நிறுத்திவிடலாம்.

ஆனால் பல்சக்கரம் எதற்கு? நேராக எஞ்சினோடு விசிறியைப் பூட்டினால் என்ன? டகோட்டா விசிறியின் விட்டம் சுமார் 3.5 மீட்டர். ஒரு சுற்றுக்கு இதழின் நுனி 11 மீட்டர் போகிறது. 2,700 சுற்றில் நேரடியாகச் சுழன்றால் நுனியின் வேகம் விநாடிக்கு 495 மீட்டர். ஒலியின் வேகமோ 340 தான். ஒலியைத் தாண்டிய நுனி, இழுப்பதை விட்டுவிட்டு அலறத் தொடங்கும். சக்தியெல்லாம் அதிர்வலையாகப் போய்விடும். பல்சக்கரம் அதை 278 மீட்டருக்கு இறக்குகிறது. இது நின்ற இடத்துக் கணக்கு. விமானம் வேகமாக முன்னேறும்போது அந்த வேகமும் நுனியோடு சேர்ந்துகொள்ளும். மணிக்கு 600, 700 கிலோமீட்டரைத் தாண்டினால் பழைய விசிறி எதுவும் கட்டுப்படியாகாது. புரொப்பெல்லர் விமானத்தின் முடிவு அதன் நுனியிலேயே எழுதியிருந்தது.

அந்த முடிவுக்கு முன்பு, பத்துப் பன்னிரண்டு வருடம், பிஸ்டன் எஞ்சின் பூதாகாரமாக வளர்ந்தது. எதிலும் ஓர் உச்சகட்டக் கிறுக்கு இருக்கும் அல்லவா, அந்தக் காலம் அது. லாக்ஹீட் கான்ஸ்டலேஷனின் ரைட் எஞ்சினுக்கு 18 சிலிண்டர்கள், கொள்ளளவு 55 லிட்டர். நமது பெட்ரோல் கார்களின் எஞ்சின்கள் ஐம்பதை ஒன்றாகக் கட்டினால் அந்த அளவு வரும். 1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியா இன்டர்நேஷனல் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்கு அனுப்பிய ‘மலபார் பிரின்சஸ்’ இந்த வகை. மீன்போல் வளைந்த உடல், மூன்று வால்கள். இதைவிட அழகான பயணிகள் விமானம் பிறகு வரவில்லை என்பது என் கட்சி. பிந்திய சூப்பர் கான்ஸ்டலேஷனில், புகைக்குழாயில் வீணாகும் வெப்பத்தையும் விடமாட்டோம் என்று எஞ்சினுக்கு மூன்று சுழலிகளை வைத்து 450 குதிரைத்திறன் வரை மீட்டார்கள். சக்தியை மீட்கும் சுழலி என்பது அதிகாரப்பூர்வப் பெயர். ‘பாகங்களைப் பொறுக்கும் சுழலி’ என்றார்கள் மெக்கானிக்குகள். நான்கு எஞ்சினில் ஒன்று வழியில் நின்றுபோவது சகஜமாகிவிட, உலகிலேயே சிறந்த மூன்று எஞ்சின் விமானம் இதுதான் என்று ஒரு கேலியும் புறப்பட்டது.

போயிங் ஸ்ட்ராட்டோகுரூசர் இன்னும் ஒரு படி மேல். எஞ்சினுக்கு 28 சிலிண்டர்கள், 71 லிட்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். நான்கு எஞ்சினுக்கும் சேர்த்து 224. கீழ்த்தளத்தில் சுழல்படிக்கட்டோடு கூடிய மது அறை வேறு. 1956 அக்டோபர் 16 அன்று ஹொனலூலுவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்க்கொண்டிருந்த பான் அமெரிக்கன் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகுரூசரில், நடுக்கடலில், நள்ளிரவுக்குப் பின், முதல் எஞ்சினின் விசிறி கட்டுமீறிச் சுழன்றது. மேலே சொன்ன சிறு கருவி கைவிட்டுவிட்டது. இதழ்களைத் திருப்பி நிறுத்தவும் முடியவில்லை. எஞ்சினுக்குப் போகும் எண்ணெயை வெட்டி அதை இறுக வைத்தார்கள். எஞ்சின் நின்றது, விசிறி மட்டும் தனியே காற்றில் சுற்றிக்கொண்டு விமானத்தைப் பின்னே இழுத்தது. சற்று நேரத்தில் நாலாவது எஞ்சினும் சக்தி இழந்தது. மீதி இரண்டை வைத்துக்கொண்டு எந்தக் கரைக்கும் போய்ச்சேர பெட்ரோல் காணாது.

கேப்டன் ரிச்சர்ட் ஓக் அமெரிக்கக் கடலோரக் காவல்படைக் கப்பலான பான்ட்சர்ட்ரெயினுக்கு மேல் வட்டமடித்தபடியே விடியலுக்குக் காத்திருந்தார். கடலில் இறக்கினால் இவ்வகை விமானத்தின் வால் ஒடியும் என்பது முந்தைய ஆண்டின் விபத்தொன்றில் தெரிந்திருந்தது. பின்னிருக்கைப் பயணிகளை முன்னே நகர்த்தினார். வெளிச்சம் வந்ததும் கடலில் இறக்கினார். வால் ஒடிந்தது. உள்ளிருந்த 31 பேரும் பிழைத்தார்கள்.

இத்தனை சிலிண்டர்களையும் மேய்ப்பதற்கென்றே விமானியறையில் ஒருவர் இருந்தார்: ஃபிளைட் எஞ்சினியர். நான்கு எஞ்சினுக்கும் நான்கு வரிசை மீட்டர். சிலிண்டர் தலையின் சூடு, எண்ணெய்ச் சூடு, எண்ணெய் அழுத்தம், பெட்ரோல் ஓட்டம். எஞ்சின் மூடியைச் சுற்றியிருக்கும் சிறு கதவுகளைக் கொஞ்சம் திறப்பார், கொஞ்சம் மூடுவார். அதிகம் திறந்தால் காற்று இழுத்து வேகம் குறையும், அதிகம் மூடினால் எஞ்சின் வெந்துபோகும். எந்தப் பிளக் சோம்புகிறது என்பதைப் பறக்கும்போதே சின்னப் பச்சைத் திரையில் அலைக்கோடாகப் பார்க்கும் கருவியும் பெரிய விமானங்களில் இருந்தது. இ.சி.ஜி. பார்க்கும் டாக்டரைப் போல, கோட்டின் வளைவைப் பார்த்து, மூன்றாவது எஞ்சின், பதினோராவது சிலிண்டர் என்று குறித்துவைத்து, இறங்கியதும் மெக்கானிக்கிடம் சொல்லுவார்.

ஜெட் வந்ததும் இதெல்லாம் ஒரேயடியாகப் போயிற்று. 1952-இல் பிரிட்டனின் காமெட் லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கும் பிறகு அதே ஆண்டு கொழும்புக்கும் பறந்தது. 1958-இல் போயிங் 707. 1960-இல் ஏர் இந்தியாவும் 707-க்கு மாறியது. முன்னும் பின்னும் பாயும் பிஸ்டன்கள் இருந்த இடத்தில் ஒரே பக்கமாகச் சுழலும் தண்டு வந்தது. அதிர்வு போய்விட்டது. பழுதும் பெருமளவு போயிற்று.

ஸ்ட்ராட்டோகுரூசர் 56 கட்டப்பட்டன. இன்று ஒன்றுகூடப் பறப்பதில்லை. ஆனால் ஏ2ஏ என்ற சிறு நிறுவனம் அதைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி வைத்திருக்கிறது. பார்க்கத்தான் அழகு என்றில்லை. நேற்று நான் எஞ்சினை வாட்டியிருந்தால், இன்று அது நினைவிருக்கும். சிறு கதவுகளைத் திறக்க மறந்து மூன்றாம் எஞ்சினை வேகவைத்துவிட்டு, மறுநாள் நல்ல பிள்ளையாகக் கிளப்பப் பார்த்தேன். அது வேலைநிறுத்தம் செய்தது. பி.எம்.டி.ஜி. நிறுவனம் செய்த டி.சி.-6 விமானத்தில் கற்பனை எஞ்சினியர் ஒருவரும் கூடவே வருகிறார். வேண்டாமென்றால் அவரை அனுப்பிவிட்டு நாமே அடிபடலாம். மைக்ரோசாஃப்டின் பாவனை விமான மென்பொருளின் 2003-ஆம் ஆண்டுப் பதிப்பிலும், பிறகு 2022-இல் வந்த நாற்பதாம் ஆண்டுப் பதிப்பிலும் டி.சி.-3 உண்டு. எக்ஸ்-பிளேன் என்ற மென்பொருளுக்கு இன்னொரு வழி. விசிறி இதழை வாழைக்காய் சீவுவது போலத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் காற்று எந்தக் கோணத்தில் படுகிறது, எவ்வளவு தூக்குகிறது என்று விநாடிக்குப் பல முறை கணக்கிட்டுக் கூட்டுகிறது.

பாவனை விமானம் என்பதே புரொப்பெல்லர் காலத்தின் பிள்ளைதான். நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் ஊரில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தைக்குப் பியானோ, ஆர்கன் செய்யும் ஆலை இருந்தது. 1929-இல் லிங்க் அங்கிருந்த துருத்திகளையும் காற்றுக்குழாய்களையும் எடுத்து, ஸ்டிக்கை அசைத்தால் சாயும் ஒரு பொம்மை விமானத்தைச் செய்தார். இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான விமானிகள் அந்தப் பெட்டிக்குள் அமர்ந்துதான் மேகத்துக்குள் பறக்கக் கற்றார்கள்.

அருங்காட்சியகங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அங்கே இரும்பு இருக்கிறது, வேலை இல்லை. நியூயார்க்கில் ஒரு ஸ்டார்லைனரை, கான்ஸ்டலேஷன் குடும்பத்தின் கடைசி வாரிசை, ஓட்டலின் முற்றத்தில் மதுக்கூடமாக நிறுத்தியிருக்கிறார்கள். எஞ்சினியரின் கைப்பழக்கம் இன்று எங்கேனும் அன்றாடம் புழங்குகிறது என்றால், அது பெரும்பாலும் பின்னறைகளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களிடம்தான். சக்தியை ஏற்றும்போது விசிறி நெம்பு முதலில், காற்று நெம்பு பிறகு, இறக்கும்போது தலைகீழ். இது தெரிந்த பதினாறு வயதுப் பையன்கள் இருக்கிறார்கள்.

நிஜ விமானிகளிடமும் இல்லாத ஒன்றுகூட அவர்களிடம் இருக்கிறது. பெரிய எஞ்சின்கள் முழுச் சக்தியைத் தர 115/145 என்ற ஊதா நிறப் பெட்ரோலை நம்பியிருந்தன. அந்தப் பெட்ரோல் இப்போது கிடைப்பதில்லை. கிடைக்கும் நீலநிற 100 எல்.எல்.-ஐ ஊற்றி, அழுத்தத்தைக் குறைத்து, எஞ்சினைப் பாதுகாத்துத்தான் ஓட்டுகிறார்கள். அந்த எஞ்சின்கள் தம் முழுக் குரலில் கிளம்புவதை இனிக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் கேட்கலாம்.

நிஜமாகவே பறப்பவையும் உண்டு. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் ஒரு டி.சி.-6பி மினுமினுக்கிறது. யூகோஸ்லாவியாவின் டிட்டோவுக்காக வாங்கியது, பிறகு ஜாம்பியாவின் கென்னத் காவுண்டாவிடம் போனது. சிட்னிக்குத் தெற்கே அல்பியன் பார்க்கில் ஆர்வலர்கள் ஒரு சூப்பர் கான்ஸ்டலேஷனை வைத்திருக்கிறார்கள். அரிசோனா பாலைவனத்திலிருந்து மீட்டு, 1996-இல் பசிபிக்கைத் தாண்டி ஓட்டிக்கொண்டு வந்தது. நம் விமானப்படைக்கும் 2018-இல் ஒரு டகோட்டா திரும்பி வந்தது. பிரிட்டனில் பழுதுபார்த்து, வழியெல்லாம் இறங்கி இறங்கி, இந்தியாவுக்குப் பறந்தே வந்தது. 1947 அக்டோபரில் ஸ்ரீநகரில் படைகளை இறக்கிய டகோட்டாக்களின் நினைவாக அதற்கு வி.பி. 905 என்ற எண்ணைச் சூட்டி, ‘பரசுராமா’ என்று பெயரும் வைத்தார்கள்.

டகோட்டா ஒன்று மணிக்கு ஏறத்தாழ 350 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். அடியில் தட்டு வைத்து எண்ணெய்ச் சொட்டைப் பிடிப்பார்கள். சொட்டாவிட்டால்தான் பயப்பட வேண்டும், எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் என்பது எல்லா நாட்டு மெக்கானிக்கும் சொல்லும் வேடிக்கை. வேடிக்கையில்லாத பக்கமும் இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 4 அன்று சுவிட்சர்லாந்தின் பீஸ் செக்னாஸ் மலையருகே, 1939-இல் கட்டிய யுங்கர்ஸ் 52 ஒன்று சுற்றுலாப் பயணிகளோடு விழுந்து இருபது பேரும் இறந்தார்கள். மலைகளுக்கிடையே தப்பிக்க வழி வைக்காமல் தாழப் பறந்ததே காரணம் என்றது விசாரணை. விமானத்தில் துருவும் விரிசலும்கூடக் கண்டார்கள். கம்ப்யூட்டரில் அதே பள்ளத்தாக்கில் நானும் தாழப் பறந்திருக்கிறேன். மோதினால் திரை கறுக்கும், மறுபடி தொடங்கவா என்று கேட்கும்.

இவ்வளவு கணக்குப் பார்த்த பிறகும், என் டகோட்டா எவ்வளவு டகோட்டா என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. எங்கள் அடுக்ககத்தின் நாலாம் மாடியில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். ஐம்பதுகளில் சிறுவனாகப் பலாலியிலிருந்து மதராஸுக்கு டகோட்டாவில் வந்தவர். நான் அதே தடத்தில் பறப்பதாகச் சொன்னதும் ஒரு சாயங்காலம் கீழிறங்கி வந்தார்.

“ஏறினவுடனை இனிப்புத் தந்தவை தம்பி. காதுக்குப் பஞ்சும் தந்தவை” என்றார்.

இனிப்பு உபசாரத்துக்கு மட்டும் கொடுத்ததல்ல. கான்ஸ்டலேஷன் போல டகோட்டாவின் கேபினில் காற்றழுத்தம் கட்டிவைக்கப்படவில்லை. மேலேற வெளியழுத்தம் குறையும், நடுச்செவியில் அடைபட்ட காற்று செவிப்பறையைப் புடைக்கச் செய்யும். எச்சில் விழுங்கினால் தொண்டைக்கும் நடுச்செவிக்கும் இடையிலான குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். விழுங்க வைப்பதற்கு மிட்டாய். இரைச்சலுக்குப் பஞ்சு.

பலாலியில் ஓடுபாதையிலிருந்து கிளப்பினேன். வடக்கே திரும்பினால் சிறிது நேரத்தில் கடல். பாதரச மீட்டரின் முள் நான் தொடாமலே சரிய ஆரம்பித்தது. கார்புரேட்டரில் பனி. வெளியே வெயில் கொளுத்தும்போது பனியா என்று அவர் கேட்டார். பெட்ரோல் ஆவியாகும்போது, மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான், சுற்றியிருக்கும் காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் வெப்பம் இருபது பாகைக்கு மேலும் விழலாம். ஈரம் நிறைந்த கடற்காற்று அங்கே உறைந்து தொண்டையை அடைக்கும். சூடான காற்றைத் திறந்துவிடும் நெம்பை இழுத்தேன், முள் மெல்ல ஏறியது.

அவர் தலையாட்டினாரே தவிர முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “படம் வடிவாய் இருக்கு. ஆனா இது குலுங்கேல்லையே” என்றார்.

உண்மைதான். 58 ஹெர்ட்ஸ் என்பது காதைவிட எலும்புக்குச் சொல்லும் சேதி. மேசைக்கடியில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியை, கனத்த ஒலிக்கான பெட்டியை, இழுத்து அவர் நாற்காலிக்கு அடியில் வைத்து ஒலியைக் கூட்டினேன். நாற்காலியின் கைப்பிடி நடுங்கியது. அவர் இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டார். எஞ்சின்கள் இரண்டும் சேராமல் வோம்... வோம் என்று அலைந்துகொண்டிருந்தன. வழக்கம்போல் சுருதி சேர்க்க வலது நெம்புக்குக் கை போனது.

“அதை விடும் தம்பி” என்றார். “உப்பிடித்தான் வந்தது. மதராஸ் மட்டும் உப்பிடித்தான் வந்தது.”

கையை எடுத்துவிட்டேன். கொடிக்கரை தாண்டி, நாகப்பட்டினம் தாண்டி, வலது எஞ்சின் 2,030-இலேயே ஓடியது.